கேரண்ட் ஏன் பாதியிலேயே நிக்குது? – வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: சார் வணக்கம். நான் ஒஹையோல இருக்கேன். ஒரு வருஷம் முன்னாடி ஒரு வயசான கலெக்டர்கிட்ட இருந்து முறைப்படி பேப்பர் எல்லாம் போட்டு ஒரு எம்-1 கேரண்ட், ரெண்டாம் உலகப் போர் காலத்து அமெரிக்க ராணுவ ரைஃபிள், வாங்கினேன். அவர் கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதை அலமாரியிலேயே வச்சிருந்தாராம். பனிக்காலத்துல ரேஞ்சுக்கு கொண்டு போனப்ப ஓரளவு ஓடுச்சு, ஆனா இந்த ஜூலைல எடுத்துட்டு போனா ரெண்டு தோட்டா சுட்டதுமே போல்ட் (தோட்டா அறையை பின்னாடியிலிருந்து மூடித் திறக்கிற இரும்புப் பாகம்) பாதியில நின்னுடுது. கையால ஹேண்டிலை பின்னாடி இழுத்தா நடுவுல மணல் போட்ட மாதிரி நறநறன்னு இருக்கு, விட்டா முன்னாடி போகுது ஆனா கடைசி அரை இன்ச் மூடாம நிக்குது, உள்ளங்கையால தட்டினாதான் மூடுது. ஃப்ரெண்ட் ஒருத்தர் எமரி பேப்பர் போட்டு, ஹேண்டிலோட சேர்ந்த நீள ராடையும் போல்ட்டையும் நல்லா தேய்ச்சு பாலிஷ் பண்ணிடுன்னு சொல்றார். இன்னொருத்தர் ராடு வளைஞ்சிருக்கு, வைஸ்ல வச்சு நிமித்தணும்ங்கிறார். என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, முதல்ல அந்த எமரி பேப்பரை டிராயர்ல போட்டு பூட்டிடுங்க, வைஸ் பக்கமும் போகாதீங்க. உங்க ராடு வளைஞ்சுதான் இருக்கு, அது வளைஞ்சுதான் இருக்கணும். கேரண்ட்ல கேஸ் சிலிண்டர் பேரலுக்கு அடியில இருக்கு, ஹேண்டில் ரிசீவரோட, அதாவது போல்ட் ஓடுற இரும்புக் கூட்டோட, வலது பக்கம் இருக்கு, அந்த ரெண்டு இடத்தையும் ஒரே ராடு சேர்க்கணும்னா அது நேரா இருந்தா எப்படி முடியும், அதனாலதான் அதுக்கு வேணும்னே வளைவு கொடுத்து செஞ்சிருக்காங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் இதே மாதிரி ஒரு ரிப்பேர் கடையில கொடுத்தார், அவங்க வைஸ்ல வச்சு அழகா நிமித்தி கொடுத்தாங்க, அன்னையோட அந்த ராடு இரும்புக் கடைக்குத்தான் போச்சு. எண்பது வருஷம் பழசான ஒரு பாகத்தை அப்படி பண்ணிட்டாங்களேன்னு இன்னைக்கும் நினைச்சா வயிறு எரியுது.

நான் டூல் ரூம்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவன். எந்த மிஷின் மக்கர் பண்ணாலும் முதல்ல எந்த இடத்துல பிடிக்குதுன்னு கையால கண்டுபிடிக்கணும், அரம் எடுக்கிறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். உங்க கடிதத்துலயே மூணு துப்பு இருக்கு. ஒண்ணு, நடுவுல நறநறப்பு. ரெண்டு, கடைசி அரை இன்ச் மூடல. மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, பனிக்காலத்துல ஓடினது ஜூலைல ஓடல. இரும்பு ஜூலைக்கும் ஜனவரிக்கும் அப்படி ஒண்ணும் மாறிடாது தம்பி, மரம் மாறும், பழைய கிரீஸ் மாறும். அதை மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிப்போம்.

தொடங்குறதுக்கு முன்னாடி ரைஃபிள் காலியான்னு பாருங்க. தோட்டாக்களை ஒண்ணா பிடிக்கிற இரும்பு கிளிப் வெளிய இருக்கணும், சேம்பரை (தோட்டா உக்காருற அறை) கண்ணால பாருங்க, அப்புறம் விரலாலயும் தொட்டுப் பாருங்க. மேஜையில ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது, அதையெல்லாம் வேற ரூம்ல வச்சிட்டு வாங்க. இன்னொண்ணு, உள்ள இருக்கிற ஃபாலோயரை (தோட்டாக்களை மேல தூக்குற தட்டு) கட்டை விரலால அழுத்தினா போல்ட் படார்னு முன்னாடி வரும், விரல் நடுவுல மாட்டினா நகம் போயிடும். எப்பவும் வலது கையோட ஓரத்தால ஹேண்டிலை பின்னாடி பிடிச்சுக்கிட்டே வேலை பண்ணுங்க.

இப்ப கொஞ்சம் அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும், தெரிஞ்சாதான் தேடுற இடம் புரியும். தோட்டா சுட்டதும் குண்டு பேரலோட நுனிக்கு பக்கத்துல போகும்போது அங்க இருக்கிற சின்ன ஓட்டை வழியா, சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், கொஞ்சம் கேஸ் கீழ சிலிண்டருக்குள்ள இறங்கி ராடோட முனையில இருக்கிற பிஸ்டனை பின்னாடி தள்ளும். ராடு முதல்ல கொஞ்ச தூரம் சும்மா நகரும், அந்த நேரத்துல குண்டு வெளிய போய் பிரஷர் இறங்கிடும், அப்புறம்தான் ஹேண்டில் பகுதியில இருக்கிற சரிவான குழி போல்ட்டோட வலது காதை (பக்கத்துல துருத்தியிருக்கிற பகுதி) திருப்பி பூட்டைத் திறக்கும். பூட்டு திறந்ததும் போல்ட் பின்னாடி போய் காலியான தோட்டா உறையை (ஓடு) வெளிய எறிஞ்சு, ஃபயரிங் பின்னை அடிக்கிற ஹேமரை சாய்ச்சு, ஸ்பிரிங் தள்ளுற தள்ளுல அடுத்த தோட்டாவை எடுத்துக்கிட்டு முன்னாடி வந்து திரும்ப பூட்டிக்கும். கடைசி அரை இன்ச்னு நீங்க சொல்றது இந்த திரும்பிப் பூட்டிக்கிற இடத்துக்கு கிட்ட. அங்க போல்ட் நேரா போறதோட சேர்த்து திரும்பவும் செய்யணும், அதனால கொஞ்சம் பிசுக்கு இருந்தாலே ஸ்பிரிங்குக்கு பலம் பத்தாது.

இப்ப பிரிங்க. டிரிகர் கார்டோட பின் பக்கத்தை இழுத்துத் திறந்து டிரிகர் குரூப்பை வெளிய எடுத்தா, பேரலும் ரிசீவரும் மரக்கட்டையிலிருந்து வந்துடும். அப்புறம் ஃபாலோயர் ராடை கொக்கியிலிருந்து கழட்டி ஸ்பிரிங்கோட சேர்த்து வெளிய எடுங்க, அது அழுத்தத்துல இருக்கும், கையை விட்டுடாதீங்க. ஃபாலோயர் ஆர்ம் பின்னை தள்ளி எடுத்தா உள்ள இருக்கிற மத்த சின்ன பாகங்கள் வந்துடும், எது எப்படி இருந்துச்சுன்னு போனை எடுத்து ஒவ்வொரு படியிலயும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஹேண்டில் இருக்கிற அந்த நீள ராடை பின்னாடி கொண்டு வந்தா ரிசீவர்ல ஒரு வெட்டு வரும், அந்த இடத்துல மட்டும்தான் அது வெளிய வரும், வேற இடத்துல நெம்பாதீங்க. அதுக்கு அப்புறம் போல்ட் தானா வரும்.

எல்லாம் வெளிய வந்ததும் முதல் வேலை கழுவுறது. தம்பி, நம்ம ஊர்ல பாட்டி வீட்டு தையல் மிஷின்ல யாராவது தெரியாம தேங்காய் எண்ணெய் விட்டுட்டா என்ன ஆகும், கொஞ்ச நாள் வழவழன்னு ஓடும், அப்புறம் அது காஞ்சு மஞ்சளா கோந்து மாதிரி ஆகி சக்கரமே சுத்தாது. இங்க நடந்திருக்கிறதும் அதே கதைதான். இந்த ரைஃபிளை எல்லாம் ஸ்டோர்ல வைக்கும்போது காஸ்மோலின்னு ஒரு கெட்டி கிரீஸ்ல முக்கி வைப்பாங்க, துரு பிடிக்காம இருக்க. அது முப்பது வருஷம் அலமாரியில இருந்தா மேல தோல் கட்டி உள்ள கோந்து ஆயிடும். அதுல துப்பாக்கி மருந்துக் கரியும் தூசியும் சேர்ந்தா உங்க நறநறப்பு வந்துடுச்சு. மினரல் ஸ்பிரிட் ஒரு தட்டுல ஊத்தி இரும்புப் பாகங்களை ஊற வையுங்க, நல்ல காத்தோட்டமா வெளிய வச்சு பண்ணுங்க, பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது. பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. ராடோட குழாய்க்குள்ள, ஸ்பிரிங் உக்காருற இடம், அதுதான் எல்லாரும் மறக்கிற இடம், நீளமான கிளீனிங் ராடுல துணி சுத்தி உள்ள விட்டு எடுங்க, கருப்பா ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும், வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க. போல்ட்டோட முன் முகத்தையும் தேயுங்க, அப்புறம் போல்ட்டை பிரிக்காமலே ஃபயரிங் பின் (தோட்டாவோட பின்புறத்தை குத்துற ஊசி) பின்னாடி முன்னாடி ஆடுதான்னு பாருங்க, குலுக்கினா டிக் டிக்னு சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா உள்ள கிரீஸ் இறுகி இருக்கு, அதை சரி பண்ணாம சுடவே கூடாது, ஏன்னா பின் முன்னாடி நீட்டினபடி மாட்டிக்கிட்டா போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கலாம்.

சேம்பரையும் விடாதீங்க. அங்க பிசுக்கு படிஞ்சிருந்தா ஓடு உள்ளயே ஒட்டிக்கும், பார்க்கிறதுக்கு போல்ட் மாட்டின மாதிரியே இருக்கும் ஆனா குத்தம் போல்ட் மேல இல்ல. சேம்பர் பிரஷ்னே தனியா கிடைக்கும், வாங்கி நாலு சுத்து சுத்தி காய விடுங்க.

கேஸ் சிலிண்டரும் பிஸ்டனும் தனி கதை. அங்க எண்ணெய் வேண்டவே வேண்டாம், உலர்ந்து இருக்கணும். எண்ணெய் விட்டா சூட்டுல எரிஞ்சு கரியா படிஞ்சு அதுவே பிடிக்கும். கரியை சால்வென்ட்ல ஊற வச்சு பித்தளை பிரஷ்ஷால எடுங்க, எமரி போட்டு சுரண்டாதீங்க. சிலிண்டர் ஸ்டெயின்லெஸ், ராடு நுனியில இருக்கிற பிஸ்டனும் ஸ்டெயின்லெஸ், அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில சில தவ் (ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) கூடினாலே கேஸ் கசிஞ்சு ரைஃபிள் சோம்பேறியாயிடும். மைக்ரோமீட்டர் இருந்தா பிஸ்டனை அளந்து பாருங்க, புதுசா இருக்கும்போது 0.526 அங்குலம், 0.525க்கு கீழ போயிருந்தா தேய்மானம்னு எடுத்துக்கலாம். உங்க நண்பர் சொன்ன மாதிரி எமரி போட்டிருந்தீங்கன்னா அந்த ஒரு தவ் ஒரே சாயங்காலத்துல போயிருக்கும்.

சரி, கழுவி முடிச்சாச்சு. இப்பதான் நிஜமான சோதனை, இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. ஸ்பிரிங் இல்லாம, போல்ட் இல்லாம, கட்டை இல்லாம, ராடை மட்டும் போடுங்க. பேரலை மேல கீழன்னு சாயுங்க, சுமார் 60 டிகிரி. ராடு தன் வெயிட்லயே முழு தூரமும் வழுக்கிக்கிட்டு போகணும், வரணும். எங்கயாவது நின்னா அங்க பாருங்க, உரசின இடம் பளபளன்னு இருக்கும், பெரும்பாலும் பேரலை மூடியிருக்கிற பின் ஹேண்ட்கார்டு மரத்துல இல்லன்னா பேரலோட அடியில. சரியா போச்சுன்னா அடுத்து போல்ட்டை போட்டு அதே மாதிரி சாயுங்க, போல்ட் தானா திறந்து தானா திரும்பி பூட்டணும். அதுவும் ஆச்சுன்னா மூணாவது, ஸ்பிரிங் இன்னும் போடாம, கட்டைக்குள்ள வச்சு டிரிகர் கார்டை பூட்டிட்டு திரும்ப சாயுங்க. கட்டை இல்லாம ஓடினது கட்டையோட ஓடலைன்னா குத்தவாளி யாருன்னு தெரிஞ்சு போச்சு. கடைசியாதான் ஸ்பிரிங்.

ஸ்பிரிங்கை ஏன் கடைசியா போடச் சொல்றேன்னா, கேரண்ட்ல ஸ்பிரிங் ராடுக்குள்ள சுருங்கும்போது குழாயை உரசி கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கும், அது நல்ல ரைஃபிள்லயும் இருக்கும். புதுசா வாங்கினவங்க அதைப் பார்த்து பயந்துடுறாங்க. ஸ்பிரிங் இல்லாதப்ப வழவழன்னு இருந்து, ஸ்பிரிங் போட்டதும் லேசா கரகரன்னா கவலைப்படாதீங்க. ஆனா ஸ்பிரிங்கை வெளிய எடுத்து நீட்டி வச்சு அளந்து பாருங்க, புதுசு கிட்டத்தட்ட 20 அங்குலம் இருக்கும், 19க்கு கீழ சுருங்கியிருந்தாலோ நடுவுல பாம்பு மாதிரி வளைஞ்சிருந்தாலோ மாத்திடுங்க, அது ஒண்ணும் பெரிய செலவு இல்ல. உங்க கடைசி அரை இன்ச்சுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

கிரீஸ் எங்க வைக்கணும்னா: போல்ட்டோட ரெண்டு காதுலயும், ராடோட அந்த சரிவுக் குழியிலயும், ரிசீவர்ல ராடு ஓடுற பள்ளத்துலயும், பேரலோட அடியில ராடு தொடுற இடத்துலயும். அரிசி அளவு போதும். ஏன் எண்ணெய் இல்லாம கிரீஸ்னு கேப்பீங்க. ரெண்டாம் உலகப் போர் காலத்துலயே மழையில நனைஞ்ச கேரண்ட்ல எண்ணெய் கழுவிப் போய் போல்ட்டை திறக்கவே முடியாம இறுகிப் போறதை கண்டுபிடிச்சாங்க, அதுக்காகத்தான் லூப்ரிபிளேட் 130-ஏன்னு ஒரு கிரீஸை எடுத்தாங்க, சிப்பாய்கள் கட்டையோட பின் பக்கத்து பெட்டியில ஒரு சின்ன டப்பாவுல வச்சிருப்பாங்க. இன்னைக்கும் அது கிடைக்குது, வேற நல்ல கிரீஸும் போதும்.

இந்த மூணு சோதனையையும் பண்ணிட்டு எந்த படியில நின்னுச்சுன்னு எழுதுங்க, அதுக்கு முன்னாடி எதையும் சுரண்டாதீங்க.

(அவர் மூணு வாரம் கழிச்சு திரும்ப எழுதினார், அதையும் இங்கயே போடுறேன்.)

கேள்வி: சார், நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். ராடு குழாய்க்குள்ள இருந்து வந்த கருப்பை பார்த்து நானே பயந்துட்டேன், துணி பதினைஞ்சு துண்டு ஆச்சு. ராடு மட்டும் போட்டப்ப சர்ருன்னு போச்சு, போல்ட் போட்டும் போச்சு, நறநறப்பு சுத்தமா இல்ல. ஆனா கட்டையில வச்சதும் பாதியில நின்னுடுச்சு. முன் பக்கம் இரும்பு வளையம் இருக்கிற இடத்துக்கு பின்னாடி கட்டையோட வலது பக்க உள் சுவர்ல ஒரு பளபள கோடு இருக்கு. அப்புறம் வெயில்ல வச்சா மரத்துலேர்ந்து பழுப்பா எண்ணெய் கசியுது, அது என்ன?

பதில்: பாருங்க தம்பி, ரெண்டு வியாதி ஒண்ணா இருந்திருக்கு, ஒண்ணு போயிடுச்சு. அந்த ஒரு வியாதிக்கு மட்டும் மருந்து பண்ணிட்டு விட்டிருந்தா ரைஃபிள் இன்னும் சரியாகலையேன்னு எமரி பக்கம் போயிருப்பீங்க. அதனாலதான் படிப்படியா பண்ணச் சொன்னேன்.

மரத்துலேர்ந்து கசியுறது அதே காஸ்மோலின்தான், வருஷக்கணக்கா மரம் குடிச்சது. ஒரு கருப்பு குப்பைப் பையில கட்டையை மட்டும், இரும்பு எதுவும் இல்லாம, பழைய துணி சுத்தி வச்சு வெயில்ல காரோட டேஷ்போர்டு மேல வையுங்க, கசியுறதைத் துடைச்சு துடைச்சு எடுங்க, நாலஞ்சு நாள் ஆகும். அவசரப்பட்டு பேக்கிங் அவன்ல வைக்கிறவங்க இருக்காங்க, மரம் வெடிச்சா அதை ஒட்ட முடியாது, வேண்டாம்.

வலது சுவர்ல இருக்கிற கோடு, அதுதான் ஜூலையில பிடிக்கிற இடம். காத்துல ஈரம் ஏறினா மரம் உப்பும், நம்ம ஊர்ல ஆடி மாச மழையில வீட்டு நிலைக்கதவு மாட்டிக்குமே, அதே மாதிரி. ராடு அந்த பள்ளத்துல தொடாம போகணும், சுத்தி கண்ணுக்குத் தெரியிற இடைவெளி இருக்கணும். இப்ப எவ்வளவு எடுக்கணும்னு கண்டுபிடிக்க டூல் ரூம்ல நாங்க மார்க்கிங் புளூ தடவுவோம், உங்களுக்கு அது கிடைக்கலைன்னா வீட்டுல கண்மையோ லிப்ஸ்டிக்கோ இருந்தா போதும். ராடு மேல மெல்லிசா தடவி, கட்டைக்குள்ள வச்சு பூட்டி, ரெண்டு தடவை முன்ன பின்ன நகர்த்தி, பிரிச்சுப் பாருங்க. மை ஒட்டின இடத்துல மட்டும்தான் கை வைக்கணும். ஒரு வட்டமான குச்சியில நடுத்தர சாண்ட் பேப்பர் சுத்தி கொஞ்சமா எடுங்க, திரும்ப மை தடவிப் பாருங்க, இப்படி ஏழெட்டு தடவை ஆகும், ஒரே தடவையில முடிக்கணும்னு நினைக்காதீங்க.

ஆனா ரிசீவரோட ரெண்டு காலும் உக்காருற இடம், டிரிகர் கார்டு வந்து அழுத்துற இடம், இதுல ஒரு இழை கூட எடுக்கக் கூடாது. அந்த இடத்துல கட்டை ரிசீவரை இறுக்கிப் பிடிக்கிறதாலதான் கேரண்ட் நேரா சுடும். எடுத்த இடத்துல மரம் பச்சையா இருக்கும், ஆளி விதை எண்ணெயோ டங் ஆயிலோ மெல்லிசா தடவி காய விடுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் ஈரத்தை இன்னும் அதிகமா குடிச்சு திரும்ப உப்பும். எண்ணெய் தடவின துணியை சுருட்டி மூலையில போடாதீங்க, ஆளி விதை எண்ணெய் துணி தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காய வச்சுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

இன்னொரு விஷயம் நீங்க கேக்கல, ஆனா சொல்லியே ஆகணும். என்ன தோட்டா போடுறீங்க? இந்த ரைஃபிளோட தோட்டா அளவு .30-06 தான், கடையில .30-06 னு எழுதின எந்த பெட்டியும் பொருந்தும், ஆனா பொருந்துறதும் ஏத்ததும் வேற வேற. மானுக்குன்னு விக்கிற 180 கிரெயின் (குண்டோட எடை) வேட்டைத் தோட்டாக்கள்ல மெதுவா எரியிற பவுடர் இருக்கும், அதனால நுனியில இருக்கிற அந்த ஓட்டைக்கு வரும்போது பிரஷர் அதிகமா இருக்கும், ராடை வேகமா அடிச்சு பின்னாடி தள்ளும், அப்பதான் ராடு உண்மையாவே தப்பான இடத்துல வளையும். கேரண்டுக்குன்னே 150 கிரெயின்ல தயாரிக்கிறது இருக்கு, பெட்டியிலயே எழுதியிருக்கும், அதை மட்டும் போடுங்க. ரெண்டாம் உலகப் போர்ல ராணுவம் இந்த ரைஃபிள்ல போட்ட எம்-2 பால்ங்கிற தோட்டாவும் அந்த எடைக்கு பக்கத்துலதான்.

அப்புறம் ராடுல டியூபும் ஹேண்டில் பகுதியும் சேருற இடத்தை ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க. பழைய ராடுகள்ல அந்த மூலை கூரா இருக்கும், அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும். போருக்கு அப்புறம் அந்த மூலையை அரைவட்டமா வெட்டி எடுத்துட்டாங்க, உங்களோடது வெட்டினதா இருந்தா நல்லது. வெட்டாததுல தலைமுடி மாதிரி கோடு ஒண்ணு தெரிஞ்சாலும் அதோட சுடாதீங்க.

யாரோ ஒருத்தர் இதைச் செய்ய எவ்வளவு யோசிச்சிருக்கார்னு நினைச்சுப் பார்த்தா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான். ஜான் கேரண்ட் கனடாவுல கியூபெக்ல பிறந்தவர், மாசசூசெட்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில உக்காந்து பல வருஷம் அதே ஒரு வேலையா இருந்து 1936ல ராணுவம் ஏத்துக்கிற அளவுக்கு கொண்டு வந்தார். முதல்ல கேஸை பேரல் நுனிக்கு வெளிய ஒரு தொப்பி மாதிரி வச்சு பிடிச்சாங்க, அது சரிப்பட்டு வரல, அப்புறம்தான் பேரல்லயே ஓட்டை போட்டாங்க. மொத்தம் அம்பது லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, டிராக்டர் செஞ்ச இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட ஐம்பதுகள்ல இதை செஞ்சாங்க. அவ்வளவு கை பட்ட ஒரு பொருள், அதை நாம கெடுத்துடக் கூடாது இல்லையா.

கேள்வி: அண்ணா, நான் டெக்சாஸ்ல இருக்கேன். மாமனார் கொடுத்துட்டு போன ரெமிங்டன் நைலான் 66 ரைஃபிள் இருக்கு, சின்ன .22 தோட்டா போடுறது. பசங்களுக்கு டப்பா சுட கத்துக் கொடுக்கலாம்னு எடுத்தா போல்ட் ரொம்ப மெதுவா நகருது, சில சமயம் பாதியில நிக்குது. வாரா வாரம் டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே அடிச்சுக்கிட்டே இருக்கேன், அடிச்ச அன்னைக்கு ஓடுது, மறுபடியும் அதேதான்.

பதில்: தங்கச்சி, அந்த டப்பாவை மட்டும் நிறுத்திடுங்க, பாதி நோய் போயிடும். நைலான் 66 எண்ணெயே வேண்டாம்னு செஞ்ச ரைஃபிள், 1959ல வந்தப்ப கட்டை, ரிசீவரோட உள் பக்கம் எல்லாம் டூபான்ட் நைலான்லயே பண்ணாங்க, போல்ட் நைலான் மேல வழுக்கிக்கிட்டு ஓடும், அதுக்கு எண்ணெய் தேவையே இல்ல. அந்த வருஷம் ரெமிங்டன் ஆள் டாம் ஃப்ரை இந்த ரைஃபிள்களை வச்சு மேல தூக்கிப் போட்ட 1,00,010 மரக்கட்டைகளை சுட்டார், ஆறே ஆறுதான் தப்பிச்சுது. அவ்வளவு சுட்டும் ஓடின மிஷின் இது.

.22 தோட்டாவோட குண்டு மேல மெழுகு இருக்கும், ஈயம் இருக்கும், மருந்துக் கரி நிறைய வரும். கேரண்ட் மாதிரி இதுல கேஸ் சிலிண்டர் கிடையாது, ஓடே பின்னாடி வந்து போல்ட்டை தள்ளும், போல்ட்டோட கனமும் ஸ்பிரிங்கும்தான் எல்லாம், பலம் ரொம்ப கம்மி. அதுல எண்ணெய் அடிச்சா மெழுகும் கரியும் சேர்ந்து களி மாதிரி ஆகி போல்ட்டை பிடிச்சுக்கும், மறுபடி அடிச்சா அன்னைக்கு மட்டும் இளகும், மறுநாள் இன்னும் கெட்டியாகும். நீங்க சொன்ன கதையே அதுதான்.

மேகசின் இதுல பின் கட்டைக்குள்ள இருக்கிற குழாய், அதை வெளிய எடுத்து காலியான்னு பாருங்க, சேம்பரையும் பாருங்க, ஏன்னா குழாய் காலியா இருந்தாலும் உள்ள ஒண்ணு மிச்சம் இருக்கலாம், பசங்க இருக்கிற வீடு. மேல இருக்கிற இரும்பு மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க, உள்ள சின்ன சின்ன பாகங்கள் ஸ்பிரிங்கோட உக்காந்திருக்கும், பழக்கம் இல்லாம திறந்தா எது எங்கேர்ந்து குதிச்சதுன்னே தெரியாது. முதல்ல போல்ட்டை பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடு வெளிய விழுற ஜன்னல் வழியா, பிளாஸ்டிக்குக்கு பாதுகாப்பானதுன்னு எழுதியிருக்கிற கிளீனரை அடிச்சு, அழுக்கு கீழ வடியட்டும், பஞ்சுக் குச்சியால துடைங்க. திரும்பத் திரும்ப நாலஞ்சு தடவை. கடைசியா காய விடுங்க, எண்ணெய் வேண்டாம். அதுக்கும் சரியாகலைன்னா இந்த ரைஃபிளை பிரிச்சுப் பழகினவர்கிட்ட கொடுங்க, நைலான் பாகத்துல விரிசல் விட்டா மாத்து கிடைக்கிறது கஷ்டம்.

கேள்வி: கேரண்ட்தான், போல்ட் கையால இழுத்தா பட்டு மாதிரி ஓடுது. ஆனா சுடும்போது ஏழாவது தோட்டா மட்டும் மூக்கை முட்டிக்கிட்டு நிக்குது, எப்பவும் ஏழாவது. – விஸ்கான்சின் வாசகர்

பதில்: கையால இழுத்தா பட்டு மாதிரி ஓடுதுன்னா உங்களோடது மேல சொன்ன வியாதி இல்ல. ஏழாவது தோட்டாவில நிக்கிறது கேரண்டுக்கு பேர் போன பழைய கோளாறு. முதல்ல கிளிப்பை மாத்துங்க. எட்டு தோட்டாவையும் பிடிச்சு வச்சிருக்கிறது அந்த இரும்பு கிளிப்தான், அதோட உதடு வளைஞ்சிருந்தாலோ உள்ள துருவா சொரசொரன்னு இருந்தாலோ கடைசி தோட்டாக்கள் சரியா மேல ஏறாது. பழைய சர்ப்ளஸ் கிளிப்புல நாலஞ்சு எடுத்து, பெயின்ட்ல நம்பர் போட்டுட்டு, எந்த நம்பர்ல நிக்குதுன்னு குறிச்சு வையுங்க. ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தா அந்த கிளிப்பை தூக்கிப் போடுங்க, வேலை முடிஞ்சுது. எல்லா கிளிப்லயும் நின்னா ஸ்பிரிங்கை அளங்க, ஏன்னா கேரண்ட்ல போல்ட்டை முன்னாடி தள்ளுறதும் தோட்டாவை மேல தூக்குறதும் ஒரே ஸ்பிரிங்தான், அது சோர்ந்து போனா கடைசி தோட்டாக்களை தூக்க பலம் இருக்காது. அதுவும் சரியா இருந்தா புல்லட் கைடும் ஃபாலோயரும் தேய்ஞ்சிருக்கான்னு பாக்கணும், அந்த பாகங்களை போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டு அடுத்த இதழ்ல எழுதுறேன்.

உங்க ஊர் குளிர்ல ஜனவரியில சுடுறதா இருந்தா கிரீஸை துடைச்சுட்டு லேசான எண்ணெய் மட்டும் வையுங்க, கெட்டியான கிரீஸ் அந்த குளிர்ல மெழுகு மாதிரி உறைஞ்சு போல்ட்டை மெதுவாக்கும். ஏப்ரல்ல திரும்ப கிரீஸ்.